முதல்வர் காப்பீட்டுத் திட்டம் என்பது வரிப்பணத்தைத் தனியார் மருத்துவமனைகளுக்கு அள்ளிக் கொடுப்பதுதானே? மருத்துவத் துறையில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். ஆறு வருடம் தனியாரில் இருந்தேன், இப்போது அரசு மருத்துவமனை.

காப்பீட்டு அட்டை இல்லாமல் தனியாரில் டயாலிசிஸ் செய்ய வருபவர்களின் கதை பெரும்பாலும் ஒன்றேதான். முதல் மாதம் வாரத்துக்கு மூன்று முறை வருவார்கள். கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போனதும் அது இரண்டாகும். அப்புறம் மூச்சு வாங்கினால் மட்டும் வருவார்கள். ஒரு நாள் அதுவும் இருக்காது. நாங்களும் போன் போட்டு விசாரிக்க மாட்டோம், பதில் தெரியும் என்பதால். காப்பீட்டு அட்டை இருந்தவர்கள் யாரும் இப்படிப் பாதியில் நின்று நான் பார்த்ததில்லை. அதனால் இந்தத் திட்டத்தை வெறும் வீண்செலவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

தனியாருக்குப் பணம் போகிறதா? போகிறது. ஆனால் அரசு மருத்துவமனையும் இதே திட்டத்தில் க்ளெய்ம் செய்து பணம் வாங்குகிறது என்பது பலருக்குத் தெரியாது. தனியாரில் எனக்குப் பிடிக்காதது வேறு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் "அப்ரூவல் வர்ற வரைக்கும் கட்டுங்க" என்று முன்பணம் வாங்குவார்கள். அப்ரூவல் வந்த பிறகு அதைத் திருப்பிக் கேட்க வந்தவரைக் கவுன்ட்டர் கவுன்ட்டராக அலைய விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

வருமான வரம்பு இன்னொரு கூத்து. குடும்பத்துக்கு வருடம் 1,20,000 ரூபாய், அதாவது மாதம் 10,000. எங்கள் ஊரில் கொத்தனாரே அதைத் தாண்டுவார். அதனால் சான்றிதழில் எல்லோரும் ஏழைதான். உண்மையைச் சொன்ன ஆட்டோக்காரர் ஒருவர்தான் வெளியே நின்றார்.

இவ்வளவு சொன்னாலும், வரிப்பணத்தை எதில் போடுவது என்று என்னைக் கேட்டால் காப்பீட்டைச் சொல்ல மாட்டேன், ஆரம்ப சுகாதார நிலையத்தைத்தான் சொல்வேன். வருடத்துக்கு 5 லட்சம் வரை கவர் உண்டு, சரி. ஆனால் அந்த அட்டை வேலை செய்யத் தொடங்குவது ஆள் படுக்கையில் விழுந்த பிறகு. என் மெஷினில் படுப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் சுகர், பிரஷரைக் கவனிக்காமல் விட்டுக் கிட்னி கெட்டுப்போனவர்கள். அதற்கான மாத்திரை சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்த பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அரசு போட்ட திட்டங்களிலேயே எனக்கு அதுதான் பிடிக்கும். தொழில் முறையில் எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை.

செவ்வாய், வெள்ளி காலை ஷிஃப்டில் ஒரு பெரியவர் வருகிறார். பிரஷர் மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "அது தர்மாஸ்பத்திரி மாத்திரை தம்பி. ஓசில குடுக்கிறது எங்க கேக்கப் போவுதுன்னு விட்டுட்டேன்" என்றார். நாலு மணி நேரம் ஓடுகிற இந்த டயாலிசிஸும் அவருக்கு ஓசிதான். இதை மட்டும் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.