பிளைட் எங்கே போனான்? எல்டன் ரிங்கில் குவெஸ்ட் கணக்கு வைக்கும் வழி

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலை. சனி, ஞாயிறு மட்டும்தான் பிஎஸ்5 முன்னால் உட்கார முடிகிறது. எல்டன் ரிங் விளையாட்டில் ஆல்டஸ் பீடபூமி வரை வந்துவிட்டேன். யார் என்ன கேட்டார்கள், யாரை எங்கே பார்த்தேன் என்பதெல்லாம் அடுத்த வாரத்துக்குள் மறந்துபோகிறது. சியோஃப்ரா நதியில் பார்த்த பிளைடையும், குழியிலிருந்து வெளியே எடுத்துவிட்ட அலெக்சாண்டரையும் (இருவரும் விளையாட்டில் வரும் கதாபாத்திரங்கள்) இப்போது காணோம். விக்கியைத் திறந்துவைத்து ஆட மனசில்லை. அடுத்து ஆட விட்சர் 3 வாங்கி வைத்திருக்கிறேன். அதற்கும் சேர்த்து வழி சொல்லுங்கள்.

பதில்: எல்டன் ரிங்கில் குவெஸ்ட் (கதாபாத்திரங்கள் தரும் வேலை) லிஸ்ட் கிடையாது. செட்டிங்ஸில் தேடிப் பயனில்லை. 2022 பிப்ரவரியில் வெளியான விளையாட்டுக்கு மறு மாதமே 1.03 அப்டேட் வந்தது. சந்தித்த என்பிசியின் (விளையாட்டே இயக்கும் கதாபாத்திரத்தின்) ஐகானும் பெயரும் மேப்பில் பதிவது அதிலிருந்துதான். ஆனால் அடுத்து எதைச் செய்தால் கதை நகரும், எதைச் செய்தால் நின்றுபோகும் என்பதை மேப் சொல்லாது. அந்தக் கணக்கை நீங்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கதையை எழுதிவைக்கிறார்கள். "ரன்னி ஏதோ ரகசியப் பொருளைத் தேடச் சொன்னாள்" என்று எழுதினால், ஒரு வாரம் கழித்துப் படிக்கும்போது ஒன்றும் புரியாது. ஓர் ஆளுக்கு நான்கு விஷயம் போதும்: பெயர், கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் பக்கத்து கிரேஸ் (உட்கார்ந்து ஓய்வெடுக்கும் இடம்), அவர் கேட்டது அல்லது கொடுத்தது, அதை 'எதற்கு முன்' முடிக்க வேண்டும் என்பது. இந்த நான்காவதுதான் உயிர்நாடி. போனில் இருக்கும் நோட்ஸ் ஆப்பே போதும். எக்செல் ஷீட் போடத் தொடங்கினால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும்.

செலுவிஸை எடுத்துக்கொள்வோம். ரன்னி என்ற சூனியக்காரியிடம் வேலைக்குச் சேர்ந்த பிறகு, மூன்று கோபுரங்கள் இருக்கும் இடத்தில் சந்திக்கும் மந்திரவாதி. நெஃபெலி என்ற வீராங்கனைக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு மருந்தை நீட்டுவான். இதற்கு இப்படி எழுதுங்கள்: "செலுவிஸ். அவன் கோபுரம். மருந்து கொடுத்தான், நெஃபெலிக்காம். எதற்கு முன்: ரன்னியிடம் ஃபிங்கர்ஸ்லேயர் கத்தியைக் கொடுப்பதற்கு முன்." அந்தக் கத்தியை ரன்னியிடம் கொடுத்துவிட்டால் செலுவிஸ் செத்துக் கிடப்பான், அவனிடம் இருந்த வேலையெல்லாம் அதோடு போச்சு. மருந்தை நெஃபெலிக்கே கொடுத்தால் அவள் கதையும் முடிந்துவிடும். அவளை இழக்க விருப்பமில்லை என்றால் மருந்தை ரவுண்ட்டேபிள் கூடத்தில் இருக்கும் கிடியான் என்பவரிடம் ஒப்படைக்கலாம். ஓர் ஆளின் கதை இன்னொருவர் கதைக்குள் கைவைப்பதுதான் இந்த விளையாட்டின் அழகு. கணக்கு தவறுவதும் அங்கேதான்.

'எதற்கு முன்' என்ற வரியை நிரப்ப விக்கி முழுவதையும் படிக்க வேண்டாம். தாண்டினால் திரும்ப முடியாத சில பெரிய கதவுகளைத் தெரிந்துவைத்தால் போதும். எரிமலை மாளிகையில் ரைகார்ட் என்ற பெரிய எதிரியைக் கொன்றால் அங்கே தங்கியிருப்பவர்கள் கலைந்துபோவார்கள், எனவே கொலை ஒப்பந்தங்களை முதலில் முடித்துவிடுங்கள். ஃபாரம் அசுலாவில் மலிகெத் என்ற எதிரி விழுந்ததும் லெண்டெல் நகரம் சாம்பல் மூடிப்போகும். பழைய நகரத்தில் விட்டுவந்த பொருளும் வேலையும் அந்த ஆட்டத்தில் திரும்பக் கிடைக்காது. 2024இல் வந்த ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதியில், ஷேடோ கீப்பை நெருங்கும்போது ஒரு வசியம் உடைந்ததாகத் திரையில் அறிவிப்பு வரும். அதுவரை சந்தித்தவர்களின் போக்கு அதற்குப் பிறகு மாறும். அதனால் கோட்டைப் பக்கம் போவதற்கு முன்பே எல்லோரிடமும் ஒரு சுற்று பேசிவிடுங்கள். இந்த இடங்களுக்கு மட்டும், "இதற்கு முன் என்னென்ன முடிக்க வேண்டும்" என்ற அளவில் விக்கியைப் பார்ப்பதால் கதை கெட்டுவிடாது.

ஆள் நகராமல் அதே இடத்தில் நின்றால் காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பேச்சு முடியவில்லை. கடைசி வரி திரும்பத் திரும்ப வரும்வரை பேச்சு பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு, இடம் ரீலோட் ஆகவில்லை. பேசி முடித்ததும் பக்கத்து கிரேஸில் உட்கார்ந்து எழுந்து மறுபடி போய்ப் பாருங்கள். இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஐன்செல் நதியில் கிடைக்கும் குட்டி ரன்னி பொம்மை. கிரேஸில் உட்கார்ந்தால் பொம்மையோடு பேசும் வாய்ப்பு மெனுவில் வரும். முதல் தடவை பதில் வராது. அதோடு பொம்மையை மறந்துவிடுகிறார்கள். அதையே மறுபடி மறுபடி தேர்ந்தெடுத்தால்தான் அவள் வாய் திறப்பாள்.

முக்கியமான பேச்சு வரும்போது கன்ட்ரோலரில் கிரியேட் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஸ்கிரீன்ஷாட் விழும். தானாக அப்லோட் ஆகும்படி வைத்துவிட்டால் அது போனில் பிளேஸ்டேஷன் ஆப்பிலேயே வந்து நிற்கும். ஆனால் அங்கே 14 நாள்தான் இருக்கும், அதற்குள் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு நிறுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தப் படங்களைப் பார்த்துக் குறிப்பை நிரப்புங்கள். கடைசி வரியாக "சனிக்கிழமை முதல் வேலை" என்று ஒன்றே ஒன்று. பர்பிள் லைன் மெட்ரோவில் ஒயிட்ஃபீல்டு போகும் நேரத்தில் ஒருமுறை படித்தாலே ஆட்டம் நினைவில் நிற்கும். ஒரே சமயத்தில் மூன்று பேர் கதைக்கு மேல் கையில் எடுக்காதீர்கள். மற்றவர்களுக்கு மேப்பில் ஒரு மார்க்கர் குத்திவிட்டு நகருங்கள்.

எல்டன் ரிங் தானாகவே சேவ் செய்துகொண்டே போகும். ஒரு கேரக்டருக்குப் பழைய சேவ் என்று எதுவும் தங்காது, தப்பு செய்துவிட்டுப் பின்னால் போக முடியாது. மேலே சொன்ன கதவுகளுக்கு முன்னால் விளையாட்டை விட்டு வெளியே வந்து, பிஎஸ் பிளஸ் சந்தா இருந்தால் சேவ் ஃபைலைக் கிளவுடில் ஏற்றிவிட்டு உள்ளே போங்கள். தானாக ஏற்றும் வசதியை நிறுத்தி வைக்காவிட்டால் புதிய சேவ் பழையதன் மேல் விழுந்துவிடும்.

விட்சர் 3இல் (2015) ஜர்னல் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது, கை வலிக்க நீங்கள் எழுத வேண்டாம். அங்கே சிக்கல் லிஸ்ட் நீண்டுகொண்டே போவது. ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும் பரிந்துரை லெவல் இருக்கும். உங்கள் லெவல் அதைவிட 6 அல்லது அதற்கு மேல் கூடிவிட்டால் கிடைக்கும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) அற்பம். அதனால் லெவல் குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். மிஸ்ட் தீவுக்குப் புறப்படுவதற்கு முன் தனி சேவ் ஒன்று போடுங்கள், அரசியல் கிளைக்கதைகள் பல அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இனி உங்கள் பிளைட். ஆல்டஸை எட்டிவிட்டதால் கேலிட்டில் ரெட்மேன் கோட்டையில் ரடான் என்ற தளபதியோடு மோதும் திருவிழா தொடங்கியிருக்கும். கோட்டை முற்றத்துக்குப் போங்கள். பிளைட், அலெக்சாண்டர் இருவரும் அங்கே நிற்பார்கள். இருவரிடமும், மேடையில் இருக்கும் ஜெரனிடமும் பேச்சு தீரும்வரை பேசிவிட்டு, அதன் பிறகு கடற்கரைக்கு இறங்குங்கள். ரடான் விழுந்ததும் லிம்கிரேவில் மிஸ்ட்வுட் காட்டுக்குள் நட்சத்திரம் விழுந்து பெரிய பள்ளம் ஏற்படும். அதுதான் நோக்ரானுக்குள் இறங்கும் வழி, ஃபிங்கர்ஸ்லேயர் கத்தி அங்கே இருக்கிறது. செலுவிஸுக்கான வரி அதற்குள் உங்கள் நோட்ஸில் இருக்கட்டும்.