எந்த மாதம் கை மீறியது?

கேள்வி: திருப்பூரில் வேலை, சம்பளம் ரூ.40,000. சென்ற ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை செலவு (ஆயிரங்களில்) 28, 30, 27, 41, 29, 31, சராசரி 31. இந்த ஆண்டு 35, 37, 34, 48, 36, 38, சராசரி 38. ஓட்டல், ஓடிடி எல்லாம் குறைத்தும் பயனில்லை. எந்த மாதத்தில் தவறு செய்தேன்? சென்ற செப்டம்பரில் மச்சானுக்காக 3 லட்சம் தனிநபர் கடன் எடுத்தேன் (14%, 5 ஆண்டு). இப்போது இன்னொரு லட்சம் கேட்கிறார். எஃப்டியில் 2 லட்சம் இருக்கிறது. ஸ்மால் கேப் ஃபண்டில் (சிறு நிறுவனப் பங்குகளில் முதலிடும் ஃபண்ட்) மாதம் 2,000 எஸ்ஐபி (மாதாமாதம் போடும் முதலீடு) போடலாமா?

பதில்: எந்த மாதத்திலும் இல்லை. இரண்டு ஆண்டுகளிலும் அதிகச் செலவு மாதத்துக்கும் குறைந்த மாதத்துக்கும் இடைவெளி அதே 14,000தான். ஆறு மாதமும் ஒரே அளவு, 7,000 ஏறியிருக்கிறது. அதனால் சராசரியும் சரியாக 7,000 ஏறியது. மச்சான் கடனின் மாதத் தவணையும் (இஎம்ஐ) ஏறக்குறைய அதே 7,000. ஓட்டலை ஏன் துரத்துகிறீர்கள்?

ஏற்றம் எல்லா மாதத்துக்கும் ஒன்றுதான், அடி ஒன்றல்ல. மே மாதம் தாங்கிவிடும். பள்ளிக் கட்டணம் வரும் ஜூனில் முன்பு 1,000 துண்டு விழுந்தது, இப்போது 8,000. அதை கிரெடிட் கார்டில் தேய்த்திருந்தால் மாதம் 3 சதவீதத்துக்கு மேல் வட்டி போகும். முதலில் அதை அடைத்துவிடுங்கள்.

கடனில் இன்னும் சுமார் 2.55 லட்சம் பாக்கி இருக்கும். எஃப்டியில் 75,000 அவசரத்துக்கு இருக்கட்டும், மீதி 1.25 லட்சத்தைக் கடனில் கட்டுங்கள். காலத்தைக் குறைக்காமல் இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லுங்கள். 3,500 அளவுக்கு இறங்கும், சராசரியும் அதே அளவு இறங்கும். முன்கூட்டிக் கட்டினால் கட்டணம் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் எஸ்ஐபி. 14% வட்டி நிச்சயமாகப் போய்க்கொண்டிருக்க, வரலாம் வராமலும் போகலாம் என்ற லாபத்துக்கு ஸ்மால் கேப் எதற்கு? எல்லாரும் போடுகிறார்கள் என்பது ஒரு காரணமா?

புதிய லட்சத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இன்றைய 38,000 சராசரியில் அதன் இஎம்ஐ 2,300 ஏறினால் சராசரியே சம்பளத்தைத் தாண்டிவிடும். மச்சானிடம் "முடிந்தபோது கொடு" என்பதை விட்டுவிட்டு, மாதம் 5ஆம் தேதி 3,500 உங்கள் கணக்குக்குத் தானாக வரும்படி அவர் வங்கியில் எழுதித்தரச் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாக இருந்தால் உங்கள் மனைவியே கேட்கட்டும்.