ஓடினால் அது மாவுப்பூச்சி இல்லை

கேள்வி: ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், ஆச்சி. பள்ளிச் செம்பருத்தியில் குருத்தெல்லாம் மாவுப்பூச்சி. தலைமையாசிரியர் மருந்தடிக்கச் சொல்கிறார். பூச்சியைப் பூச்சியே தின்னும் என்று பிள்ளைகளிடம் சொன்னேன்; 'எங்கே டீச்சர், காட்டுங்க' என்கிறார்கள். எதைக் காட்ட?
– ஓர் ஆசிரியை, தேவகோட்டை

பதில்: மருந்தை ஒரு பத்து நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள், டீச்சர். அடித்தால் நீங்கள் காட்ட வேண்டிய ஆள் முதலில் செத்துப்போவார். மாவுப்பூச்சி மெழுகுப் போர்வைக்குள் பாதி தப்பித்துக்கொள்ளும்.

நான் வேலையில் இருந்தபோது அடித்த கூத்தைக் கேளுங்கள். கண்டனூர்ப் பக்கம் ஒரு பள்ளி. இதே செம்பருத்தி, இதே வெள்ளை. ஆளுக்கொரு துணியும் ஒரு வாளி சோப்புத் தண்ணியும் கொடுத்து, தேய்ங்கடா என்றேன். ஒரு பையன் மட்டும், "டீச்சர், இது ஓடுது" என்றான். "எல்லாம் ஒண்ணுதான், தேய்" என்றேன். இரண்டு வாரத்தில் செடி பழையபடி வெள்ளை. ஓடியது மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டின் புழு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கிரிப்டோலீமஸ் என்ற அந்த வண்டை 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வண்டு கருப்பு, தலைப்பக்கமும் இறக்கை நுனியும் செம்மஞ்சள். புத்தகத்தில் போடுகிற சிவப்புப் புள்ளி வண்டை நினைத்துத் தேடினால் கிடைக்காது. அதன் புழுவோ மாவுப்பூச்சி போலவே வெள்ளைத் திரி திரியாக மெழுகு போர்த்தியிருக்கும். தின்கிற இடத்திலேயே வேஷம்!

ஆளுக்கொரு ஈர்க்குச்சி கொடுத்து மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். மாவுப்பூச்சி அசைந்தால் அதிசயம். புழு விறுவிறுவென்று நடக்கும், அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். எறும்பையும் கவனிக்கச் சொல்லுங்கள். மாவுப்பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணிக்காக அது காவல் நின்று வண்டை விரட்டும். தண்டில் துணி சுற்றி, துணிமேல் கிரீஸ் தடவுங்கள், ஏறாது.

அடுத்து, உப்பிப் பழுப்பேறிக் கெட்டியான மாவுப்பூச்சி கிடைக்கிறதா பாருங்கள். உள்ளே குளவிக்குஞ்சு இருக்கும். 2008-ல் கோயம்புத்தூரில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? மரமெல்லாம் சுண்ணாம்பு பூசிய மாதிரி நின்றதே! 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு குளவிதான் அதை அடக்கியது. பெயர் அசிரோபேகஸ் பப்பாயே. குளவி என்றதும் பிள்ளைகள் மிரளும். இது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, கொட்டத் தெரியாது. மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளேயிருந்தே தின்று வளர்ந்து, வட்டமாக ஒரு துளை போட்டு வெளியே வரும்.

அந்தப் பழுப்புப் பூச்சியைக் கிளையோடு வெட்டி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வகுப்பு ஜன்னலில் வெயில் நேராகப் படாமல் வையுங்கள். வாயில் நல்ல நெருக்கமான வேட்டித் துணியாகக் கட்டுங்கள். நான் கொசுவலையைக் கட்டிவிட்டு, மறுநாள் காலிப் பாட்டிலைச் சுற்றி முப்பது பிள்ளைகளோடு நின்றேன்.