ஆள் குறைந்த ஊருக்குக் குடும்பத்தோடு வரலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். வேலை தரும் நிறுவனம் ஜேர்மனியில் மியூனிக், கெல்சன்கிர்ஷன் ஆகிய இரண்டு ஊர்களில் ஒன்றைத் தெரிவு செய்யச் சொல்லியிருப்பதாகவும், மனைவியும் மூன்று வயது மகளும் ஆவணியில் கோயம்புத்தூரிலிருந்து வந்து சேர இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சனத்தொகை அட்டவணையில் கெல்சன்கிர்ஷன் 1959ஆம் ஆண்டு 3 இலட்சத்து 90 ஆயிரம் பேரோடு இருந்து, இன்று 2 இலட்சத்து 60 ஆயிரத்தை ஒட்டி நிற்பதையும், மியூனிக் விடாமல் ஏறிக்கொண்டே இருப்பதையும் கண்டு, "ஆட்கள் விட்டுப்போகிற ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவது சரியா அக்கா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் எசன் நகரின் வடக்கு ஓரத்தில், கட்டர்ன்பேர்க் என்ற பகுதியில் 1987ஆம் ஆண்டு முதல் குடியிருக்கிறேன். கெல்சன்கிர்ஷனின் எல்லை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். முப்பது வருடங்களாக முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்து, சுரங்கத் தொழிலாளர்களையும் அவர்களின் மனைவிமாரையும் கடைசிக் காலத்தில் கவனித்தவள் என்பதால், அந்த அட்டவணைக்குள் இருந்த ஆட்கள் பலரை எனக்கு நேரில் தெரியும். நீங்கள் பார்த்த எண்கள் சரியானவை. அவற்றைப் பார்த்து நீங்கள் பயந்ததுதான் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

இந்த நாட்டில் தலையை எண்ணுவது தொடக்கத்திலிருந்தே காசோடு சேர்ந்த விடயம். 1834ஆம் ஆண்டு ஜேர்மன் அரசுகள் பல சேர்ந்து ஒரு சுங்க ஒன்றியத்தை அமைத்தபோது, வசூலான சுங்கப் பணத்தைச் சனத்தொகைக் கணக்கில் பங்கிடுவதாக உடன்பட்டன. அதற்காகவே மூன்று வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் எண்ணினார்கள். ஜேர்மன் மொழியில் அந்த ஒன்றியத்தின் பெயர் சொல்ஃபரைன். 1847ஆம் ஆண்டு பிரான்ஸ் ஹானியல் என்ற தொழிலதிபர் எங்கள் பகுதியில் தொடங்கிய நிலக்கரிச் சுரங்கத்துக்கு அதே பெயரை வைத்தார். இன்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தச் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம் எங்கள் சமையலறை யன்னலில் தெரியும்.

அந்தச் சுரங்கம் தொடங்குவதற்கு முன் இவையெல்லாம் மிகச் சிறிய இடங்கள். எசன் 1800ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்ந்த ஒரு சிற்றூர். கெல்சன்கிர்ஷன் அந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் வெறும் கிராமம். 1847இல் கொலோன் நகரிலிருந்து மின்டன் வரையான இரயில் பாதை இந்த வயல்களைக் கடந்து போனது. ஆழச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. முதலில் அயல் கிராமத்து விவசாயிகளின் பிள்ளைகளும், பிறகு கிழக்குப் பிரஷ்யா, போசன், மசூரியா பக்கத்திலிருந்து போலந்து மொழி பேசியவர்களும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். எசன் 1896இல் ஒரு இலட்சத்தைத் தாண்டியது, கெல்சன்கிர்ஷன் 1903இல் அந்த எண்ணைத் தொட்டது. இங்கிருந்து மேற்கே உள்ள ஹம்போர்ன் ஒரு இலட்சம் பேரைத் தாண்டிய பின்னும் சட்டப்படி கிராமமாகவே இருந்து, 1911இல்தான் நகர உரிமை பெற்றது. ஒரு இலட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரை இங்கே பெருநகர் என்பார்கள். 1871இல் ஜேர்மனி முழுவதிலும் அப்படி 8 ஊர்கள் இருந்தன, 1910இல் 48. நாற்பது வருடத்துக்குள் நடந்த மாற்றம் இது.

வந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. பேர்லினில் 1853ஆம் ஆண்டுக் கட்டட விதிப்படி ஒரு தொடர்மாடியின் உள்முற்றம் 5.34 மீற்றர் அகலமும் அதே நீளமும் இருந்தால் போதும்; தீயணைப்பு வண்டி திரும்புவதற்கு அவ்வளவு வேண்டுமாம், மனிதருக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று அந்த விதியில் கேள்வியே இல்லை. வாடகைக்கு வீடு எடுக்க இயலாதவர்கள் கட்டிலை மட்டும் வாடகைக்கு எடுத்து, இரவுவேலைக்காரர் எழுந்து போன சூட்டிலேயே பகல்வேலைக்காரர் வந்து படுத்தார்கள். எசனும் கெல்சன்கிர்ஷனும் அடங்கிய எங்கள் ரூர் பகுதியில் சுரங்க நிறுவனங்கள், ஆட்கள் வேறு சுரங்கத்துக்கு ஓடிவிடாதபடி பிடித்துவைப்பதற்காகவே, தோட்டத்தோடும் பின்கட்டுக் கொட்டிலோடும் சிறு வீடுகளைக் கட்டிக் கொடுத்தன. அந்தக் கொட்டிலில் ஆடு வளர்த்தார்கள். ஆட்டுக்கு இங்கே "சுரங்கத் தொழிலாளியின் பசு" என்று பெயர். நம் ஊரில் ஆட்டை ஏழையின் பசு என்பதை, எங்கள் முதியோர் இல்லத்தில் இருந்த ஒரு தொண்ணூறு வயது அம்மாவுக்குச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சிறுவயதில் தான் புல் அறுத்த வாய்க்கால் ஓரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளைத் துணியை வெளியே காயப் போட்டால் மாலையில் சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டியிருந்ததால், காற்றின் திசையைப் பார்த்துத்தான் துவைப்போம் என்று சொன்னவரும் அவரே.

அட்டவணையை வாசிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரு ஊரின் எண் ஒரே வருடத்தில் குதித்திருந்தால், அங்கே ஆட்கள் குதித்து வந்திருக்க மாட்டார்கள், எல்லைக்கோடுதான் நகர்ந்திருக்கும். பேர்லின் 1919இல் ஏறக்குறைய 19 இலட்சம், 1920 ஒக்டோபருக்குப் பிறகு 38 இலட்சம். சுற்றியிருந்த 7 நகரங்களும் 59 கிராமங்களும் 27 பண்ணைப் பகுதிகளும் ஒரே சட்டத்தால் அதற்குள் வந்தன. நீங்கள் பார்த்த கெல்சன்கிர்ஷனும் 1928இல் பூவர், ஹோர்ஸ்ட் ஆகிய ஊர்களோடு இணைக்கப்பட்டது. நான் இருக்கும் கட்டர்ன்பேர்க் 1929 வரையில் எசனுக்கு வெளியே இருந்தது. கொலோன் 1975இல் அயலூர்களைச் சேர்த்துப் பத்து இலட்சத்தைத் தொட்டு, அவற்றில் ஒன்றான வெஸ்லிங் அடுத்த வருடமே பிரிந்து போனதால் மீண்டும் கீழே இறங்கியது. அந்த இரண்டு வருடங்களிலும் ஊர்ச் சனங்கள் தங்கள் தங்கள் வீடுகளில்தான் இருந்தார்கள்.

போரைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஏழரை இலட்சத்துக்கும் மேலானோர் வாழ்ந்த கொலோனில் 1945 மார்ச் மாதம் எஞ்சியிருந்தவர்கள் ஏறக்குறைய 40,000 பேர்தான் என்பது ஒன்றே போதும். இலங்கையில் குண்டுவீச்சுக்கு ஓடி, ஊர் வெறுமையானதைப் பார்த்த எங்களுக்கு அது என்னவென்று தெரியும். அதன்பின் கிழக்குப் பகுதிகளிலிருந்து துரத்தப்பட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜேர்மனியர்கள் இந்த நாட்டுக்குள் வந்தார்கள். நகரங்கள் இடிந்து கிடந்ததால் முதலில் கிராமங்களில் தங்கவைக்கப்பட்ட அவர்களில் பலர், சுரங்கங்கள் ஆள் எடுக்கத் தொடங்கியதும் ரூருக்கு வந்தார்கள். 1955இல் இத்தாலியோடும் 1961இல் துருக்கியோடும் தொழிலாளர் ஒப்பந்தங்கள் வந்தன. 1984இல் என் கணவர் கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர இரயிலில் மேற்குப் பக்கம் வந்து அடைக்கலம் கேட்டவர். அடைக்கலம் கேட்டோரை மாநிலங்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் முறையில் அவருக்கு இந்த மாநிலம் விழுந்தது. எந்த ஊர் என்று தெரிவு செய்யும் வாய்ப்பு அவருக்கு இருக்கவில்லை. நீங்கள் இரண்டு ஊர்களை வைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறது.

இனி, அந்த 1,30,000 பேர் எங்கே போனார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். 1958இல் நிலக்கரி விலைபோகாமல் முற்றங்களில் குவியத் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம் மேற்கு ஜேர்மனியின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்கள் 6 இலட்சம் பேர்; கடைசிச் சுரங்கம் பொட்ரொப் நகரில் 2018 டிசெம்பர் 21ஆம் திகதி மூடப்பட்டது. எங்கள் சொல்ஃபரைன் 1986 டிசெம்பரில், நான் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், மூடப்பட்டுவிட்டது. ஆனால் நிலக்கரியைச் சூளையில் வாட்டி உருக்காலைக்கு எரிபொருளாக்கும் அதன் கோக் ஆலை 1993 வரை ஓடியது. அடுப்புக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் இரவு வானம் செம்மஞ்சளாகி அடங்கும், அதைப் பார்த்துக்கொண்டே என் மூத்த மகளுக்குப் பால் கொடுத்திருக்கிறேன். வேலை போனதும் இளையவர்கள் தெற்கே போனார்கள். கொஞ்சம் வசதி வந்தவர்கள் தோட்ட வீடு கட்டிக்கொண்டு அடுத்த சிற்றூருக்குப் போய், வேலைக்கு மட்டும் இங்கே வந்தார்கள். அவர்களையும் அட்டவணை "போனவர்கள்" என்றே எழுதும். பிறப்பு குறைந்தது, இறப்பு கூடியது. இது அறுபது வருடத்தில் சிறிது சிறிதாக நடந்தது. அள்ளிக்கொண்டு ஓடிய ஊர் இதுவென்று நினைத்துவிடாதீர்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த இறக்கம் நின்று, சற்று ஏறியும் இருக்கிறது.

ஆள் குறைந்த ஊர் அப்படியே தேய்ந்து போகும் என்ற விதியும் இல்லை. லைப்சிக் 1930ஆம் ஆண்டளவில் 7 இலட்சத்துக்கு மேல் இருந்து, 1998இல் 4 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு இறங்கியது. 2000ஆம் ஆண்டளவில் அங்கே ஐந்து வீட்டில் ஒன்று பூட்டிக் கிடந்தது. இடிந்துவிடாமல் காத்தால் போதும் என்று வாடகையே இல்லாமல் வீடு கொடுத்தார்கள். இன்று அது 6 இலட்சத்தைத் தாண்டி, அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் அறைக்கு வரிசையில் நிற்கிறார்கள். மியூனிக் 1957இல் பத்து இலட்சமானது, இப்போது 15 இலட்சத்துக்கு மேல். ஆனால் அதன் பரப்பு 310 சதுர கிலோமீற்றர்தான். 36 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் பேர்லினுக்கு 890. ஜேர்மனியின் பெருநகரங்களில் மிக நெருக்கமாகச் சனம் வாழும் இடம் மியூனிக். ஏறும் எண்ணைப் பார்த்து நீங்கள் மகிழ்ந்தீர்கள். அந்த ஒவ்வொரு ஏற்றமும் வாடகையில் ஏறி நிற்கிறது என்பதை அங்கே வீடு தேடத் தொடங்கியதும் அறிவீர்கள்.

கெல்சன்கிர்ஷனின் குறைகளை மறைக்க மாட்டேன். வேலையின்மை வீதத்தில் அது நாட்டின் பெருநகரங்களில் முன்வரிசையில் நிற்கிறது. உங்களுக்கு வேலை கையில் இருக்கிறது, உங்கள் மனைவிக்கு அது சிரமமாகலாம். நகரசபையிடம் பணம் இல்லாததால் வீதியும் பள்ளிக் கட்டடமும் பழையபடி கிடக்கும் இடங்கள் உண்டு. சுரங்கம் தோண்டிய நிலம் கீழிறங்கியதில் சாய்ந்த வீடுகள் இருக்கின்றன. எங்கள் சமையலறை மேசையில் தேசிக்காயை வைத்தால் அது தானாக யன்னல் பக்கம் உருளும். நிலம் இப்படி இறங்கிக்கொண்டே இருந்ததால் நிலத்தடிக் குழாய் போட இயலாமல், எம்ஷர் ஆற்றையே நூறு வருடத்துக்கு மேல் திறந்த கழிவு வாய்க்காலாக வைத்திருந்தார்கள். கோடையில் அந்தப் பாலத்தைக் கடக்கும்போது என் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். 2021 முடிவோடு கழிவுநீர் முழுவதும் நிலத்தடிக்குப் போய்விட்டது. போன கோடையில் அதே இடத்தில் பேரப்பிள்ளையோடு நின்றேன், வாத்துக்கள் நீந்திக்கொண்டிருந்தன.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், மூன்று வயதுப் பிள்ளையோடு வரும் உங்களுக்கு, மியூனிக் சம்பளம் வாடகை வித்தியாசத்தைத் தாராளமாகத் தாண்டினாலொழிய, நான் இந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். இங்கே இடம் இருக்கிறது. வெளியிலிருந்து வந்தவர்களாலேயே உண்டான ஊர் என்பதால், "நீ எங்கிருந்து வந்தாய்" என்ற கேள்வியில் இங்கே கடுமை குறைவு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கும், ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் தூரம் அதிகமில்லை. முடிவெடுக்கும் முன் ஒரு தடவை வந்து பாருங்கள். எசன் தலைமை இரயில் நிலையத்தில் 107ஆம் இலக்க ட்ராமில் ஏறினால், அது சொல்ஃபரைன் வாசலைக் கடந்து நேரே கெல்சன்கிர்ஷன் வரை போகும். வழியில் இறங்கி, தொடர்மாடி வாசல்களில் அழைப்புமணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் பெயர்களை வாசியுங்கள்: "ஸ்கி" என்று முடியும் மசூரியப் பெயர், அதன்மேல் துருக்கிப் பெயர், அதற்கும் மேல், பெயர்த்தகட்டுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டப்பட்ட நம்முடைய நீளப் பெயர் ஒன்று.

எங்கே வீடு எடுத்தாலும் இரண்டு கிழமைக்குள் நகரப் பதிவகத்தில் வதிவிடப் பதிவு செய்ய வேண்டும். நகரங்களுக்கு மாநில அரசு தரும் பணம் இன்றும் தலைக்கணக்கில்தான் வருகிறது. 2022 குடிசனக் கணக்கெடுப்பில் நாட்டில் நினைத்ததைவிட ஏறத்தாழ 14 இலட்சம் பேர் குறைவு என்று தெரிந்தபோது நகரசபைகள் பல கலங்கியதற்குக் காரணம் அதுதான். பதிவுக்கு வீட்டுக்காரர் கையொப்பமிட்ட குடியிருப்பு உறுதிப்பத்திரம் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை, சாவி கிடைத்த மகிழ்ச்சியில் அதைக் கேட்காமல் விட்டு, வீட்டுக்காரர் இழுத்தடித்ததில் வரி இலக்கமும் வங்கிக் கணக்கும் இல்லாமல் இரண்டு மாதம் அலைந்தார். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் அதே மேசையில் அந்தப் பத்திரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு முடிந்த அன்றே மகளின் பெயரைப் பாலர் பாடசாலைக்குக் கொடுங்கள். இடம் பெறுவது அவளுடைய சட்ட உரிமை, ஆனாலும் வரிசை நீளம்.