கொழும்புக்குப் போய் வந்தால் ஏறும் ஒன்றரைக் கிலோ

கேள்வி: எனக்கு வயது 43, ஊர் களுவாஞ்சிக்குடி. இரண்டு வருடமாகச் சீனி வருத்தத்துக்கு மெட்போமினும் கிளிக்கிளசைட்டும் எடுக்கிறேன். கிளினிக்கில் தந்த 1200 கலோரி அட்டவணையை இறுக்கமாகப் பிடித்து நாலு மாதத்தில் 78 கிலோவில் இருந்து 71க்கு வந்திருக்கிறேன். வேலை விஷயமாக மாதம் இரண்டு தடவை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், வெள்ளவத்தையில் மச்சாள் வீட்டில் தங்கி, மூன்றாம் நாள் திரும்புவேன். ஒவ்வொரு முறையும் ஒன்றரைக் கிலோ ஏறிவிடுகிறது. பிறகு இரண்டு நாள் பட்டினி கிடந்து இறக்குகிறேன். பயணத்திலும் அட்டவணையை விடாமல் பிடிக்க என்ன வழி? இந்த வருடம் உகந்தையில் இருந்து கதிர்காமத்துக்குக் காட்டுப் பாதையால் நடக்கவும் நேர்த்தி வைத்திருக்கிறேன். அதற்கு எப்படிச் சாப்பிடுவது?

பதில்: அந்த ஒன்றரைக் கிலோவை முதலில் பார்த்துவிடுவோம். உங்களைப் பட்டினி போடுவது அதுதான்.

ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறச் சுமார் 7700 கலோரி மேலதிகமாகச் சாப்பிட வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500க்கு மேல். நீங்கள் இறங்கிய வேகத்தை வைத்துப் பார்த்தால், எடை கூடாமல் குறையாமல் இருக்க உங்களுக்கு நாளுக்கு 1650, 1700 கலோரி தேவை. அப்படியென்றால் மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ கொழுப்பு வைக்க, தினம் 5500 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். உங்கள் மச்சாள் எவ்வளவு கைராசிக்காரியாக இருந்தாலும் அது நடக்காது.

தராசில் கூடுவது பெரும்பாலும் தண்ணீர். ஈரலும் தசையும் மாச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரையும் சேர்த்து வைக்கும். இறுக்கமான அட்டவணையில் இந்த இருப்பு பாதியாகிப் போயிருக்கும். இரண்டு வேளை வயிறாரச் சோறு சாப்பிட்டால் இருப்பும் தண்ணீரும் திரும்பிவிடும். கடைச் சாப்பாட்டில் உப்பு கூட, அது இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்து வைக்கும். எட்டு மணித்தியாலம் காலைத் தொங்கப் போட்டு இருந்துவிட்டு இறங்கும்போது செருப்பு இறுகுகிறதே, அதுவும் நீர்தான். பயணத்தில் மலச்சிக்கல் வேறு. எல்லாம் சேர்ந்தால் ஒன்றரைக் கிலோ சும்மா வரும். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் மூன்று நாலு நாளில் தானாகவே போயும் விடும். நீங்கள் பட்டினி கிடந்து விரட்டுவது எப்படியும் போகப் போகிற தண்ணீரைத்தான்.

அந்தப் பட்டினியை இன்றோடு நிறுத்துங்கள். கிளிக்கிளசைட் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. குளிசையைப் போட்டுவிட்டு வயிற்றைக் காயப் போட்டால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு, உங்களுக்கு உண்டு. இன்னொன்று: எடை ஏழு கிலோ குறைந்த பிறகு பழைய அளவு கிளிக்கிளசைட் உங்களுக்குக் கூடுதலாகவும் இருக்கலாம். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயணத்தில் 1200 கலோரியைப் பிடிக்க முயல வேண்டாம் என்பதுதான் என் பதில். கலோரி எண்ணுவதற்கு வீட்டு அடுப்பும் வீட்டுக் கோப்பையும் வேண்டும். கடைக் கறியில் எத்தனை கரண்டி எண்ணெய் விழுந்தது என்று யார் கண்டார்? தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியே 120 கலோரி. ஊகத்தில் கணக்குப் போட்டு, அது பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும், ‘இனியென்ன, திங்கட்கிழமை தொடங்குவம்’ என்று கைவிடுவதுதான் எல்லாரும் செய்வது. பயண நாட்களில் எடை குறைய வேண்டாம், கூடாமல் இருந்தால் போதும். மாதத்தில் ஆறு நாள் 1200க்குப் பதில் 1700 கலோரி சாப்பிட்டால் கூடுதல் 3000. அதாவது 400 கிராம் குறைவது தள்ளிப் போகிறது. அந்த விலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இரவு பஸ்ஸில் சாப்பாடு தேவையே இல்லை. ஏறுவதற்கு முன் வீட்டில் இராச்சாப்பாட்டை ஒழுங்காக முடியுங்கள்: அளவான சோறோ பிட்டோ, மீன், ஒரு கீரை. மருந்தும் அந்தச் சாப்பாட்டோடு, வழக்கமான நேரத்தில். பயண அவசரத்தில் அரைவயிறு சாப்பிட்டு முழுக் குளிசை போடுவது கூடாது.

நடுச்சாமத்தில் பஸ் நிற்கும் கடையை உங்களுக்குத் தெரியும். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் ரோல்ஸ், பற்றிஸ், மீன் பணிஸ், உளுந்து வடை. நித்திரை குழம்பிய கண்ணுக்கு எல்லாமே அழகாகத் தெரியும். நித்திரை குறைந்தால் பசியைத் தூண்டும் ஹோர்மோன் கூடுகிறது, எண்ணெயும் இனிப்பும் கேட்கிறது; அங்கே வருவதில் பாதி, வயிற்றுப் பசியே அல்ல. இறங்குங்கள், கழிவறைக்குப் போங்கள், பத்து நிமிடம் காலாற நடங்கள், சீனி போடாத இஞ்சிப் பிளேன்டி ஒன்று குடியுங்கள். பால் தேத்தண்ணியென்றால் கடைக்காரர் கேட்காமலே மூன்று தேக்கரண்டி சீனி போடுவார். அதுவே 60 கலோரி, பால்மா தனிக்கணக்கு. பனங்கட்டி கடித்துக்கொண்டு குடித்தால் பரவாயில்லை என்று நினைப்பவர்கள் நம் ஊரில் நிறைய. பனங்கட்டியும் சீனிதான்.

பெண்கள் வழிக் கழிவறைகளுக்குப் பயந்து மத்தியானத்தில் இருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள். விடியும்போது தலையிடி, களைப்பு. அதைப் பசியென்று எடுத்து, இறங்கியதும் எதையாவது வாங்கிச் சாப்பிடுவது. பகல் முழுக்க வழக்கம்போலக் குடித்து, ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு மட்டும் குறையுங்கள். ஏறிய பிறகு மிடறு மிடறாக.

கைப்பையில் இரண்டு சாமான் இருக்கட்டும். ஒன்று, கோதோடு வறுத்த கச்சான் ஒரு கை. கோதை உடைத்து உடைத்துத் தின்னும்போது கை தானாக மெதுவாகும். உரித்த பருப்பு 30 கிராமே 170 கலோரி என்பதால் இந்த மெதுவு முக்கியம். விடியப் பசித்தால் அதோடு ஒரு கொய்யாவோ சின்ன இதரை வாழைப்பழமோ போதும். அவித்த முட்டை நல்லதுதான், ஆனால் நம் வெக்கையில் இரவு முழுக்க வைத்திருக்கும் சாமான் அல்ல. மற்றது குளுக்கோஸ் பக்கெற். இது பஸ்ஸின் கீழ்ப்பெட்டிக்குப் போகும் பெரிய பையில் இருந்து பயனில்லை, மடியில் இருக்கும் பையில் இருக்க வேண்டும். கை நடுங்கி, குளிர் வியர்வை வந்து, நெஞ்சு படபடத்தால் மூன்று தேக்கரண்டி சீனியோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் கையில் இருக்கும் பழத்தையும் கச்சானையும் சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் அட்டவணையை நினைக்கக்கூடாது.

கொழும்பில் மத்தியானச் சாப்பாடு எளிது. நம் சோறும் கறியும் போல எடை குறைப்பவருக்கு வசதியான கடைச்சாப்பாடு குறைவு: மீன், பருப்பு, இரண்டு மரக்கறி, கீரைச் சுண்டல் எல்லாம் ஒரே தட்டில் வந்துவிடும். பிழை சோற்றின் அளவில். ஒரு பார்சலில் கட்டுவது இரண்டு பேருக்கு காணும். “சோறு அரைவாசி போடுங்க, மரக்கறி கூடப் போடுங்க” என்று பரிமாற முன்பே சொல்லுங்கள். தட்டுக்கு வந்த பிறகு மிச்சம் விடலாம் என்பது நம்மால் ஆகாது, சோற்றை எறிய நமக்கு மனம் வராது. பொரித்த மீனுக்குப் பதில் குழம்பு மீன். கொத்து வேண்டாம், பரோட்டாவில் ஒரு எண்ணெய், கல்லில் இன்னொரு எண்ணெய்.

குடிபானப் போத்தலில் ஒரு வட்டம் இருக்கும், கவனித்திருப்பீர்கள். 2016இல் இருந்து இலங்கையில் இது சட்டம்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. செம்மஞ்சளைப் பார்த்து நிம்மதியடைய வேண்டாம். 100க்கு 8 கிராம் என்றால் 400 மில்லிலீற்றர் போத்தலில் 32 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி சீனி.

சரி, மச்சாள் வீடு. உங்கள் கேள்வியின் கடினமான பகுதி இதுதான் என்று எனக்குத் தெரியும், நீங்கள் அதை அரை வரியில் தாண்டிவிட்டாலும். வாசலில் செருப்பைக் கழற்ற முன்பே, “என்னகா, இப்பிடி மெலிஞ்சு போய் இரிக்காய்! வருத்தமா?” என்று தொடங்கிவிடும். அதன் பிறகு இறால் பொரியலையும் தலைப்பால் விட்ட சொதியையும் மறுப்பதென்றால் அன்பையே மறுத்த மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டு மேசையில் இருந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லி யாரும் வென்றதில்லை. பஸ் ஏற முதல் நாளே தொலைபேசியில் பேசுங்கள், வேண்டாம் என்றல்ல, வேண்டும் என்று: “மச்சி, உங்கட கையால மீன் குழம்பும் வல்லாரைச் சம்பலும் திங்கோணும் போல இரிக்கு. வேற ஒண்டும் வைக்காதீங்க.” கேட்டு வாங்கிச் சாப்பிடும் விருந்தாளியை யாருக்கும் பிடிக்கும். இன்னொரு அனுபவக் குறிப்பு: ‘டயட்’ என்றால் நம் ஆட்கள் சிரிப்பார்கள், ‘சுகர், டொக்டர் சொன்னவர்’ என்றால் தட்டை எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு அது பொய்யும் அல்ல. தேத்தண்ணியில் சீனி போடும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஊரில் இருந்து எருமைத்தயிர்ச் சட்டி கொண்டுபோகும் வழக்கம் உங்களிடமும் இருக்கும். மத்தியானம் ஒரு சின்னக் கிண்ணம் நீங்களும் சாப்பிடலாம், புரதம் நல்லது. கொழுப்பும் இருப்பதால் கிண்ணம் சின்னதாகவே இருக்கட்டும். கித்துள் பாணியை மற்றவர்களுக்கு விடுங்கள்.

திரும்பி வந்த அன்று தராசில் ஏறாதீர்கள். அடுத்த வேளையில் இருந்து பழைய அட்டவணை, குறைத்தும் அல்ல கூட்டியும் அல்ல. நாலாம் நாள் காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள். அப்போதும் முக்கால் கிலோவுக்கு மேல் நின்றால் பயணத்தில் என்ன நடந்தது என்று யோசிக்கலாம்.

கதிர்காம நடைக்கு இவை ஒன்றும் பொருந்தாது. உகந்தையில் காட்டுவாசல் தாண்டி, குமுக்கன், நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று நாட்கணக்கில் கோடை வெயிலில் நடக்கும் பாதை அது. உங்கள் எடையில் ஒருவர் 20 கிலோமீற்றர் நடந்தால் ஏறத்தாழ ஆயிரம் கலோரி அதற்கே போகும். 1200 கலோரி அட்டவணையோடும் கிளிக்கிளசைட்டோடும் அந்தக் காட்டுக்குள் போவதை நான் ஒருபோதும் சரியென்று சொல்லமாட்டேன். அந்த நாட்களில் எடை குறைப்பை முழுதாக விட்டுவிடுங்கள். அன்னதானச் சோறும் பருப்பும் கிடைக்கும் இடத்தில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். விடிய நடக்கத் தொடங்க முன்பும் ஏதாவது சாப்பிட வேண்டும். மச்சம் இல்லாத நாட்கள் என்பதால் கடலை, பயறு, கச்சான் கூடவே இருக்கட்டும். பழுதாகாமல் கிடக்கும் பொரிமாவும் அவலும் சுமக்க இலேசு. தாகம் எடுக்கும் வரை பார்க்காமல் தண்ணீர் குடியுங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புப் பக்கெற்றும் சில எடுத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸை உங்களோடு நடப்பவர் ஒருவரின் பையிலும் வைத்து, எப்போது தர வேண்டும் என்று அவருக்குச் சொல்லிவையுங்கள்.

சாப்பாட்டை விட எனக்குக் கவலை உங்கள் கால். நேர்த்திக்காரர்கள் பலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். சீனி வருத்தம் பாதத்தின் உணர்வை மெல்ல மெல்லக் குறைக்கும், குறைந்தது தெரியவும் வராது. சுடுமணலில் கொப்புளம் எழுந்தாலும், முள் ஏறினாலும் வலிக்காமல் நடந்துகொண்டே இருப்பீர்கள். நடைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் கிளினிக்கில் பாதத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். உணர்வு குறைவென்றால் வெறுங்கால் கூடாது, கால்மேசும் பழகிய சப்பாத்தும்தான். அன்றே மூன்று விஷயம் கேட்டு வாருங்கள்: நடக்கும் நாட்களில் கிளிக்கிளசைட்டை எவ்வளவு குறைப்பது, வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் மெட்போமினை என்ன செய்வது, சீனி பார்க்கும் சின்ன மெசினை எந்தெந்த நேரத்தில் பாவிப்பது. பதில்களைக் கிளினிக் கொப்பியிலேயே எழுதுவித்து, அந்தக் கொப்பியை நனையாத உறையில் போட்டுக் கொண்டுபோங்கள்.