ஆகஸ்ட் 22: பிரேயரில் வாசிக்க எந்தப் பட்டியலை நம்புவது?

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பு. ஆகஸ்ட் 22 அன்று பள்ளியில் காலை பிரேயரில் ‘வரலாற்றில் இன்று’ வாசிப்பது அவள் முறை. பத்துக் குறிப்பு வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார். வாட்ஸ்ஆப்பில் மூன்று பட்டியல் வந்தது, மூன்றும் மூன்று விதம். ஒன்றில் மெட்ராஸ் பிறந்தது ஜூலை 22 என்றுகூட இருக்கிறது. எதை நம்புவது, எங்கே சரிபார்ப்பது? (வாசகி, பெரம்பூர்)

பதில்: ஜூலை 22 என்று போட்டவரைத் திட்டிவிடாதீர்கள், அவர் கையிலும் ஆதாரம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்டிக்கொள்ள தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் இடம் கொடுத்தாரே, அந்த ஆவணத்தின் நகலில் 1639 ஜூலை 22 என்றுதான் இருக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தை நடத்திய பிரான்சிஸ் டே மசூலிப்பட்டினத்திலிருந்து இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை கடைசியில். ஆள் வருவதற்கு முன்னால் பத்திரம் எப்படி எழுதியிருக்க முடியும்? மாதம் தவறாக விழுந்திருக்க வேண்டும் என்று கருதித்தான் ஆய்வாளர்கள் ஆகஸ்ட் 22-க்கு வந்தார்கள். 2004 முதல் ‘மெட்ராஸ் டே’ கொண்டாடப்படுவதும் அந்தத் தேதியில்தான். மகள் ஆகஸ்ட் 22 என்றே வாசிக்கட்டும். ‘சென்னை பிறந்த நாள்’ என்பதை மட்டும் ‘கம்பெனிக்கு நிலம் கொடுத்த நாள்’ என்று மாற்றிவிடுங்கள். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலில் பல்லவர் காலக் கல்வெட்டு இருக்கும்போது, 1639-ல் ஊரே புதிதாக முளைத்தது போலச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அதே பட்டியலில் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் பெயரையும் தேடிப் பாருங்கள். 1647 ஆகஸ்ட் 22-ல் பிறந்தவர். நீராவியை அடைத்து வைத்து எலும்பைக்கூட மெத்தென்று வேகவைக்கும் பாத்திரத்தை 1679-ல் செய்து காட்டினார். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்துகொள்ளும் வால்வும் அதில் வைத்தார். நம் அடுப்படி குக்கரின் முப்பாட்டன் என்றால் பிள்ளைகள் டக்கென்று பிடித்துக்கொள்வார்கள். ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டு ஆகஸ்ட் 22-ம் ஒரே காலண்டரில் வருபவை அல்ல. பிரான்ஸ் 1582-லேயே கிரிகோரியன் முறைக்கு வந்துவிட்டது. ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய ஜூலியன் முறையிலேயே இருந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாளே 14 என்று தாண்டித்தான் சரிசெய்தார்கள். ஆகவே பாப்பன் பிறந்தது இன்றைய கணக்கிலும் ஆகஸ்ட் 22. நிலம் கைமாறிய நாள், கம்பெனியின் தேதியை வைத்துப் பார்த்தால், இன்றைய கணக்கில் செப்டம்பர் 1. நியூட்டன் பிறந்தநாள் சில பட்டியல்களில் டிசம்பர் 25 என்றும் சிலவற்றில் ஜனவரி 4 என்றும் வருவதற்கும் இதுவே காரணம்.

நம் ஊர்க் கணக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. பஞ்சாங்கத்துக்கு நாள் தொடங்குவது சூரிய உதயத்தில், ஆங்கிலத் தேதிக்கோ நள்ளிரவில். பாரதியார் திருவல்லிக்கேணி வீட்டில் கண் மூடியது 1921 செப்டம்பர் 11, ஞாயிறு இரவு தாண்டி, ஒரு மணிக்கு மேல். பதிவேட்டுக் கணக்கில் அது 12, திங்கள். பொழுது விடியாததால் வீட்டாருக்கும் ஊராருக்கும் அது ஞாயிறு ராத்திரிதான். இரண்டு தேதியும் புழக்கத்தில் இருப்பது இதனால்தான். 2021-ல் தமிழக அரசு ‘மகாகவி நாள்’ என்று அறிவித்தது செப்டம்பர் 11-ஐ. (யானை அடித்து அங்கேயே இறந்தார் என்று எழுதும் பட்டியலை மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். அதிலிருந்து அவர் தேறி, சொற்பொழிவுக்கெல்லாம் போய் வந்தார்.)

வெளிநாட்டுப் பட்டியல் என்றால் நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். நிலவில் ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு. இங்கே அது 21-ம் தேதி, திங்கள் காலை எட்டரை மணி.

சரிபார்க்க எளிய வழி ஒன்று: தேதிப் பட்டியலை விட்டுவிட்டு, அந்த மனிதரைப் பற்றிய தனிக் கட்டுரைக்கோ கலைக்களஞ்சியத்துக்கோ போங்கள். விக்கிப்பீடியாவிலும் தேதிப் பக்கத்தைவிட ஆளின் பக்கத்தில்தான் ஆதாரம் ஒழுங்காக இருக்கும். கிழமை கொடுத்திருந்தால் கைபேசிக் காலண்டரில் பின்னால் போய்ப் பாருங்கள், பாதி புளுகு அங்கேயே தெரிந்துவிடும். மகளுக்கு ஆர்வம் இருந்தால் ஒரு சனிக்கிழமை எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்கு அழைத்துப் போகலாம். அங்கே பழைய நாளிதழ் பார்க்கக் கிடைத்தால், சம்பவம் நடந்த தேதியின் தாளைக் கேட்காமல் மறுநாள் தாளைக் கேளுங்கள். நேற்று நடந்ததுதானே இன்று அச்சில் வரும்! தாளின் தேதியையே சம்பவத் தேதியாக எழுதிவைத்த பட்டியல்கள் ஏராளம்.

பழைய தலைமுறை ஆட்களின் பிறந்தநாளில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் வையுங்கள். பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் முதல் வாரத்தில் ‘பிறந்தவர்கள்’ நம் வீடுகளிலேயே எத்தனை பேர்!

இனி உங்கள் பத்து. நிலம் கொடுத்ததும் பாப்பனும் சேர்ந்து இரண்டு ஆயிற்று. மூன்றாவதாக 1864, முதல் ஜெனீவா ஒப்பந்தம். போரில் காயம்பட்ட வீரர் எந்தப் பக்கத்தவரானாலும் சிகிச்சை தர வேண்டும் என்று 12 நாடுகள் கையெழுத்திட்டன, செஞ்சிலுவைச் சின்னமும் அதில்தான் ஏற்கப்பட்டது. இதற்கு மூன்று வரி ஒதுக்கலாம். அடுத்து 1908-ல் பிறந்த புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன். காந்தி சுடப்பட்ட அன்று அவரைச் சந்தித்தவர், இறுதி ஊர்வலத்தையும் படமெடுத்தவர். 1955-ல் சிரஞ்சீவி. இதற்குக் கைதட்டல் நிச்சயம், அதனால் கடைசியில் வைக்கச் சொல்லுங்கள்.

மிச்சத்தை ஒவ்வொரு வரியில் முடித்துவிடலாம்: 1862 இசையமைப்பாளர் தெபுஸி, 1904 சீனத் தலைவர் டெங் சியாவோபிங், 1920 அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரி, 1851 ‘அமெரிக்கா’ என்ற பாய்மரப் படகு ஜெயித்த போட்டி, 1485 இங்கிலாந்தில் மூன்றாம் ரிச்சர்ட் மாண்ட போஸ்வர்த் போர். நேரம் போதவில்லை என்றால் போஸ்வர்த்தைத் தூக்கிவிடுங்கள், அதுவும் பழைய காலண்டர் தேதிதான்.