பத்தாவது வாரம்: செட்டிரிசின் போட்டதும் இப்போதைய மூக்கடைப்பும்

பத்து வாரக் கர்ப்பம், அது தெரியும் முன் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரை இரண்டு போட்டுவிட்டேன், இப்போது மூக்கடைப்புக்குச் சளி மாத்திரை போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டு செட்டிரிசினை நினைத்து இனிப் பயப்பட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு மருத்துவர்கள் வெகுகாலமாகக் கொடுத்துவரும் மருந்துதான். அதே வகை அலர்ஜி மருந்தான லோரடடினும் அப்படியே. இதனால் குழந்தைக்குக் குறைபாடு கூடுவதாக ஆய்வுகளில் தெரியவரவில்லை.

எனக்கு உறுத்துவது, இன்றிரவு போடலாமா என்று கேட்டிருக்கும் சளி மாத்திரைதான். அட்டையைத் திருப்பிப் பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். செட்டிரிசினோடு ஃபீனைலெஃப்ரினோ சூடோஎஃபெட்ரினோ சேர்ந்திருந்தால் போடாதீர்கள். இரண்டுமே ரத்தக் குழாயைச் சுருக்குபவை. முதல் மூன்று மாதம் தவிர்க்கச் சொல்வார்கள். பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘டி’, ‘பிளஸ்’ எல்லாம் பெரும்பாலும் இந்தச் சங்கதிதான்.

இன்னொன்று. தும்மல் இல்லை, கண் அரிப்பு இல்லை, படுத்தால் அடைப்பு மட்டும் என்கிறீர்கள். அது அலர்ஜியாகவே இல்லாமல் இருக்கலாம். கர்ப்பத்தில் மூக்கின் உட்சவ்வு வீங்குவது சகஜம். செட்டிரிசினுக்கு அது அடங்காது. மருந்துக்கடை உப்புநீர் ஸ்பிரேயை அடித்து, தலையை உயர்த்திப் படுத்துப் பாருங்கள். பிரசவமான இரண்டு வாரத்துக்குள் பொதுவாகத் தானே போய்விடும்.

ஆஸ்துமா இன்ஹேலர் இருந்தால் பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மூச்சுத்திணறல்தான் குழந்தைக்கு ஆபத்து. உதடு வீங்கினாலோ இரைப்பு வந்தாலோ இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தினசரி மாத்திரை தேவைப்பட்டால் அளவை உங்கள் மகப்பேறு மருத்துவர் சொல்லட்டும்.